காது கொடுத்துக் கேட்பது: மேலாளர்களும் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொழிற்சாலைகளில் பணியாளர் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். சம்பள ஒப்பந்தம், போனஸ், சஸ்பென்ஷன், கேன்டீன் சண்டை என்று மேசையின் நிர்வாகப் பக்கம் உட்கார்ந்து பேசியதுதான் பிழைப்பு. இப்போது புதிதாக சூப்பர்வைசர், மேனேஜர் ஆகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. எழுதி வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணீராவது மிச்சமாகும் என்று உட்கார்ந்தேன்.

காது கொடுத்துக் கேட்பது என்று தனியாக என்ன இருக்கிறது? காது இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்கத்தானே செய்கிறார்கள்?

சின்ன வயதில் பாட்டி கதை சொல்லும்போது 'உம்' கொட்டச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? உம் நின்றால் கதையும் நின்றுவிடும். 'தூங்கிட்டியாடா?' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அவரும் திரும்பிப் படுத்துவிடுவார். கேட்கிறவனுக்கும் ஒரு வேலை உண்டு, அவன் அதைச் செய்யாவிட்டால் சொல்கிறவருக்கு வாயே வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் உம் கொட்டுகிற எல்லோரும் கேட்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. தூக்கத்திலேயே உம் கொட்டும் பேரன்கள் உண்டு. செல்போனைத் தடவிக்கொண்டே 'சொல்லுங்க, சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்' என்னும் மேனேஜர்களும் உண்டு. பாட்டி கெட்டிக்காரி. நடுவில் 'இப்ப ராஜா எங்கே போனான், சொல்லு பார்ப்போம்?' என்று மடக்குவார். அதற்குப் பதில் சொல்ல முடிந்தால்தான் கேட்டதாகக் கணக்கு.

இதற்கு 'ஆக்டிவ் லிசனிங்' என்று பெயர் வைத்து 1957-ல் ஒரு சிறு வெளியீடு எழுதியவர்கள் கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். இது மனநல ஆலோசகர் அறையிலிருந்து வந்த சரக்கு, தொழிற்சாலைக்கு ஒத்துவராது என்று வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ரோஜர்ஸ் ஆலோசகர்தான். ஆனால் அந்த வெளியீட்டைக் கொண்டுவந்தது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழில் உறவு மையம். ஒரு தொழிலாளி வந்து புலம்பும்போது ஃபோர்மேன் என்ன பதில் சொன்னால் பேச்சு நகரும், எதைச் சொன்னால் முட்டி நிற்கும் என்பதைத்தான் அதில் உதாரணமாகக் காட்டியிருந்தார்கள். அவன் சொன்ன சேதி ஒன்று, சொல்லும்போது இருந்த மனநிலை இன்னொன்று. இரண்டையும் காதில் வாங்கு, வாங்கியதை அவனுக்குத் தெரியும்படி காட்டு என்பதுதான் அதன் சாரம்.

கேட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? நாளைக்கு 'நீங்கதானே சார் சரின்னு சொன்னீங்க' என்று வந்து நிற்பார்களே?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான். இதில் பாதிப் பழியை நம் மொழியின் மேல் போடுவேன். 'அவன் சொன்னால் கேட்க மாட்டான்' என்றால் காது மந்தம் என்றா அர்த்தம்? அடங்க மாட்டான் என்று அர்த்தம். பாட்டு கேட்பது, வழி கேட்பது, கடன் கேட்பது, பஞ்சாயத்தில் நியாயம் கேட்பது, அப்பா பேச்சைக் கேட்பது எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதனால் ஒரு மேனேஜரிடம் 'தொழிலாளி சொல்வதைக் கேளுங்கள்' என்றால், 'அவன் சொன்னபடி ஆடுங்கள்' என்று அவர் மனதில் விழுகிறது. எதிரில் இருப்பவர் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மறுக்க ஆரம்பித்துவிடுகிறார்.

இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'மூன்று வருஷமாக ஒரே கிரேடில் வைத்திருப்பது உங்களுக்கு அவமானமாகப் படுகிறது, அப்படித்தானே?' என்பது ஒன்று. 'உங்களுக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்க வேண்டும்' என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்வதால் கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. அதைச் சொல்லிவிட்டு, 'புரிகிறது. இந்த வருஷம் முடியாது' என்றும் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன். வருத்தப்படுவார்கள், சில சமயம் திட்டுவார்கள். ஆனால் 'இந்த ஆளுக்கு விஷயமே தெரியாது' என்று ஊர் முழுக்கச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு பாதிப் பழி பட்டிமன்றத்துக்கு. எதிரணி பேசும்போது துண்டுச் சீட்டில் பதிலடி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தே வளர்ந்துவிட்டோம். மேடையில் அது ரசமாக இருக்கும், கைதட்டலும் வரும். சம்பள ஒப்பந்த மேசையில் கைதட்ட யாரும் இல்லை. எதிரில் இருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை முடியும். அவரை மடக்கி, வாயடைத்து, தலைகுனிய வைத்துவிட்டு அவர் கையில் பேனாவைக் கொடுத்தால் வாங்குவாரா?

பெரிய பேச்சுவார்த்தைகளில் இது நிஜமாகவே உதவியிருக்கிறதா, இல்லை வகுப்புக்குச் சொல்லும் கதையா?

உதவியிருக்கிறது. நான் எப்போதும் எடுப்பது கேம்ப் டேவிட். 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை, பதின்மூன்று நாள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், மலைக்காட்டுக்குள் இருக்கும் அதிபரின் ஓய்வு முகாம். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், எகிப்து அதிபர் அன்வர் சாதாத், இஸ்ரேல் பிரதமர் மெனாகெம் பெகின் மூவரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். 1967 போரில் இஸ்ரேல் பிடித்த சினாய் பாலைவனம் முக்கியமான சிக்கல். சாதாத்துக்கு ஓர் அங்குலம் பாக்கியில்லாமல் வேண்டும். பெகினோ அங்கே கட்டிய குடியேற்றங்களையும் விமானத் தளங்களையும் விட முடியாது என்றார்.

வரைபடத்தில் கோடு போட்டுப் பாகம் பிரிக்கிற வழக்காகப் பார்த்தால் இது தீரவே தீராது. எங்கே கோடு போட்டாலும் சாதாத் ஊருக்குத் திரும்ப முடியாது. 'எவ்வளவு வேண்டும்' என்பதை விட்டு 'எதற்காக வேண்டும்' என்று காது கொடுத்தால் வேறு சேதி கேட்கிறது. எகிப்தின் டாங்கிகள் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கக் கூடாது என்பது இஸ்ரேலின் பயம். எங்கள் பூர்வீக மண்ணில் எங்கள் கொடி பறக்க வேண்டும் என்பது எகிப்தின் மானப் பிரச்சினை. கொடியும் டாங்கியும் வேறு வேறு. சினாய் முழுவதும் எகிப்துக்கு, ஆனால் அதன் பெரும் பகுதியில் கனரகப் படைகள் கூடாது என்று முடிவானது அப்படித்தான். பிடிவாதமாக நின்ற விமானத் தளங்களுக்குப் பதிலாக இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் புதிய தளங்கள் கட்ட அமெரிக்கா உதவியது.

இது ஏதோ இரண்டு நல்ல மனிதர்கள் மனம்விட்டுப் பேசியதால் வந்தது என்று நினைக்க வேண்டாம். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்த முதல் சில அமர்வுகள் கூச்சலில் முடிந்தன. அதற்குப் பிறகு கார்ட்டர் அந்த இருவரையும் நேருக்கு நேர் பேச்சுக்கு உட்கார வைக்கவே இல்லை. இந்தக் குடிலுக்கும் அந்தக் குடிலுக்குமாக அவரே அலைந்தார். அமெரிக்கத் தரப்பு ஒரு வரைவு எழுதும். அதை எடுத்துப்போய் 'சம்மதமா?' என்று கேட்க மாட்டார்கள். 'இதில் எங்கே இடிக்கிறது?' என்று கேட்பார்கள். சம்மதமா என்றால் வரும் பதில் 'இல்லை'. எங்கே இடிக்கிறது என்றால் வருவது தகவல். அதை வைத்து அடுத்த வரைவு. இப்படியே 23 வரைவுகள் போயின. இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே கேம்ப் டேவிட்டை நான் விடுவதில்லை. நம் ஊர் ஒப்பந்தங்களிலும் 'எங்கே இடிக்குது, தோழர்?' என்ற கேள்வி பல முட்டுக்கட்டைகளை நகர்த்தியிருக்கிறது.

கடைசி நாளில் நடந்ததும் சொல்லத் தக்கது. ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதத்தால் பெகின் கொதித்துப்போய் கிளம்பும் நிலையில் இருந்தார். அதற்கு முன்னால் அவர், மூன்று தலைவர்களும் இருக்கும் புகைப்படத்தில் தன் பேரக் குழந்தைகளுக்காகக் கையெழுத்துக் கேட்டிருந்தார். கார்ட்டரின் செயலாளர் பேரப் பிள்ளைகளின் பெயர்களை விசாரித்து வாங்கினார். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பெயராக எழுதி, தானே எடுத்துக்கொண்டு பெகினின் குடிலுக்குப் போனார். பெகின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். உதடு நடுங்கியது, கண் கலங்கியது என்று கார்ட்டர் பிறகு எழுதியிருக்கிறார். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கடிதத்தின் வாசகத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் பேச்சு அறுந்துபோகவில்லை. 1979 மார்ச் 26-ல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது.

அப்படியென்றால் கேம்ப் டேவிட்டில் எல்லாரும் நன்றாகவே கேட்டுக்கொண்டார்களா?

இல்லை. பாடம் அதிகம் இருப்பதும் அந்த இடத்தில்தான்.

செப்டம்பர் 16 இரவு வெகுநேரம் பேசினார்கள். பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரையில் இஸ்ரேல் புதிய குடியேற்றங்கள் கட்டுவதை நிறுத்தி வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. பாலஸ்தீனத் தன்னாட்சிப் பேச்சுவார்த்தை முடியும்வரை நிறுத்துவதாக பெகின் ஒப்புக்கொண்டார் என்று கார்ட்டர் எடுத்துக்கொண்டார். பெகின், தான் சொன்னது மூன்று மாதம் மட்டும் என்றார். அடுத்த நாள் பெகினிடமிருந்து வந்த கடிதத்திலும் மூன்று மாதம்தான் இருந்தது. யார் சொன்னது சரி என்று கடைசிவரை தீரவில்லை. அந்தக் கசப்பும் தீரவில்லை.

பதின்மூன்று நாள் அத்தனை கவனமாகக் கேட்ட மனிதர், கடைசி இரவில் தனக்குப் பிடித்த பதில் காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'எத்தனை நாளைக்கு என்று சொன்னீர்கள்? ஒருமுறை நானே சொல்லிப் பார்க்கிறேன்' என்று அங்கேயே கேட்டு எழுதியிருந்தால் அந்தச் சண்டை அன்றைக்கே வெளியே வந்திருக்கும். பிடிக்காத பதிலை எல்லோரும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்கிறோம். பிடித்த பதிலைக் கேட்டவுடன் பையில் போட்டுக்கொள்கிறோம்.

அப்புறம், யாருடைய மண்ணைப் பற்றியும் தன்னாட்சியைப் பற்றியும் பேசினார்களோ அந்தப் பாலஸ்தீனர்கள் தரப்பில் ஒருவர்கூட அந்த முகாமில் இல்லை. சினாய் ஒப்பந்தம் நின்றது. பாலஸ்தீனம் பற்றிய பகுதி காகிதத்தோடு போனது. மேசையில் இருப்பவர்களை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும், நாற்காலியே போடாதவர்களின் குரல் அதில் வராது. காண்ட்ராக்ட் தொழிலாளிகளை வெளியே உட்கார வைத்துவிட்டு அவர்கள் ஷிஃப்ட் நேரத்தை முடிவு செய்யும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் சொந்த அனுபவம் ஒன்று சொல்லுங்களேன்.

தீபாவளி போனஸ் பேச்சு. அப்போது நடப்பில் இருந்த 1965-ம் ஆண்டு போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. சங்கம் 20-ல் நின்றது, நாங்கள் 12-ல். மூன்று அமர்வு போயும் ஒரு புள்ளி நகரவில்லை. நான்காவது அமர்வு தொழிலாளர் துறை அலுவலகத்தில், சமரச அலுவலர் முன்னால். மேலே மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மேசைமேல் ஆறிப்போன டீ.

சங்கச் செயலாளர் பொதுவாக அளந்து பேசுகிறவர். அன்றைக்கு எதையோ சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில், 'பர்சென்டேஜை விடுங்க சார், முதல்ல எங்களை மனுஷனா பாருங்க' என்றார். முந்தைய மூன்று அமர்விலும் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார். மூன்று தடவையும் என் நோட்டில் நான் அதை எழுதவில்லை. மேடைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

சமரச அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். 'மனுஷனா பார்க்கலேன்னு சொல்றீங்களே, என்ன நடந்தது?' என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலேயே உள்ளங்கையை லேசாகத் தூக்கினார். நான் அடங்கினேன்.

மெதுவாக வந்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் மழையில் கம்பெனி பஸ்ஸே தாமதமாக வந்திருக்கிறது. முதல் ஷிஃப்ட், ஏழு மணி. ஏழு பத்துக்குக் கேட்டில் இறங்கியவர்களை டைம் ஆபீஸில் 'லேட்' என்று போட்டு நாற்பது பேருக்கு அரை நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். 'எங்க பஸ்ஸா லேட்டா வந்துச்சு? உங்க பஸ்ஸுதானே சார்?' என்று டைம் ஆபீஸில் கேட்டதற்கு, 'ரூல் ரூல்தான்' என்று பதில் வந்திருக்கிறது. மனு ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மனு என் மேசைக்கு வந்திருக்க வேண்டும். வந்ததா, நான் பார்த்தேனா என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நாற்பது பேரின் அரை நாள் சம்பளம், போனஸ் தொகைக்கு முன்னால் ஒரு தூசு. அங்கேயே திருப்பிக் கொடுக்கிறோம் என்றேன். 'இதை முன்னாடியே கேட்டிருக்கணும், கேட்காம விட்டது எங்க தப்பு' என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில் எண்கள் நகர ஆரம்பித்தன.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். அந்தப் பஸ் விஷயம் தீர்ந்ததும் அவர்கள் 12-க்கு ஒப்புக்கொள்ளவில்லை. நாங்களும் நல்லபடியாகவே ஏற வேண்டியிருந்தது. காது கொடுத்தால் காசு மிச்சமாகும் என்று முதலாளிகளிடம் விற்கிறவர்களை நான் நம்புவதில்லை. காசுச் சண்டை காசுச் சண்டையாக மட்டும் நிற்கும், அவ்வளவுதான். மானச் சண்டை அதில் கலந்திருந்தால் எந்த எண்ணும் போதாது.

சொன்னதையே திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். கிளிப்பிள்ளை மாதிரி இருக்காதா?

அப்படியே ஒப்பித்தால் இருக்கும். 'எனக்குக் கோபமா இருக்கு' என்பவரிடம் 'ஓ, உங்களுக்குக் கோபமாக இருக்கிறது' என்றால் அவருக்குக் கோபம் இரட்டிப்பாகும். நியாயம்தான்.

உங்கள் சொல்லில், கொஞ்சம் குறைத்து, கேள்வியாகச் சொல்லுங்கள். 'ஆக, வேலை கூடினதில் பிரச்சினை இல்லை. உங்களைக் கேட்காமல் மாற்றினதுதான் பிரச்சினை. சரிதானா?' தப்பாக இருந்தால் அவரே 'இல்ல சார், அது இல்ல' என்று திருத்துவார். அந்தத் திருத்தம் தங்கம். தப்பாகத் திருப்பிச் சொன்னாலும் லாபம் வருகிற ஒரே இடம் இதுதான். இன்னொரு சின்ன வித்தை, அவர் அழுத்திச் சொன்ன கடைசி இரண்டு சொல்லை மட்டும் கேள்வித் தொனியில் சொல்வது. 'போன வருஷம் மாதிரியே ஏமாத்திடுவீங்க' என்றால், 'போன வருஷம் மாதிரியேவா?' அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். போன வருஷக் கதை தானாக வரும்.

கீழே வேலை பார்க்கிறவர்கள் வாயே திறப்பதில்லை. எதைக் கேட்பது?

திறக்கிறார்கள். நமக்குத்தான் அந்தப் பாஷை புரிவதில்லை.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரை நெருங்கிய யுனைடெட் ஏர்லைன்ஸ் 173-ம் விமானம். சக்கரத்தை இறக்கும்போது வழக்கமில்லாத அதிர்ச்சி. சக்கரம் சரியாகப் பூட்டியதா என்ற கவலையில் கேப்டன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானத்தில் வட்டமடித்தார். எரிபொருள் குறைகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் சொன்ன விதம் குறிப்புக் காட்டுவது போல. 'கேப்டன், இன்னும் சில நிமிடத்தில் விழுந்துவிடுவோம்' என்று யாரும் கத்தவில்லை. கேப்டனின் மனம் முழுக்கச் சக்கரத்தில். கடைசியில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்று, விமானம் ஊர்ப்புறத்தில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை இரண்டு பக்கமும் குறை சொன்னது. கேப்டன் காதில் வாங்கவில்லை, மற்றவர்கள் உறைக்கும்படி சொல்லவில்லை. இதற்கு முந்தைய ஆண்டு, 1977-ல், டெனரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கேயும் விமானப் பொறியாளர் ஒருவர் 'அந்த விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகலையோ?' என்று சந்தேகம் எழுப்பினார். கேப்டன் போய்விட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் விமான நிறுவனங்கள் கேப்டன்களுக்குக் கேட்கவும், துணை விமானிகளுக்கு உரக்கச் சொல்லவும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தன.

நம் ஊர் பாஷையில் இதற்கு ஓர் அகராதியே போடலாம். 'பார்க்கலாம் சார்' என்றால் முடியாது. 'ட்ரை பண்றேன் சார்' என்றால் நிச்சயமாக முடியாது. 'நீங்க சொன்னா சரிதான் சார்' என்றால் நீங்கள் சொல்வது தப்பு. 'ஒண்ணுமில்ல சார்' என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது. இந்த வாக்கியங்கள் காதில் விழும்போது பேனாவைக் கீழே வையுங்கள்.

'ஏதாவது பிரச்சினை இருக்கா?' என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். அதற்கு 'இல்ல சார்' தவிர வேறு பதில் கிடையாது. 'நாளைக்கு இந்த டெஸ்பாட்ச் சொதப்பினால் எந்த இடத்தில் சொதப்பும்?' என்று கேட்டுப் பாருங்கள். சொதப்பல் நடந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு பேசுவதால், மேலதிகாரியை எதிர்த்துப் பேசுகிற பாவம் அவர்களுக்கு இல்லை. கொட்டுவார்கள்.

கூட்டத்தில் தலைவர் எப்போது பேச வேண்டும்?

கடைசியில். முதலில் அவர் அபிப்பிராயம் விழுந்துவிட்டால் அப்புறம் வருவதெல்லாம் எதிரொலி. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்க அதிபர் கென்னடி தன் ஆலோசகர் குழுவின் சில கூட்டங்களுக்குப் போகாமலேயே இருந்தார், தான் இருந்தால் வாயடைக்கும் என்று. அணுஆயுதப் போர் வருமா என்ற நேரத்திலேயே அவரால் வெளியே இருக்க முடிந்தது என்றால், வாராந்திர ரிவ்யூ மீட்டிங்கில் நாம் இருபது நிமிடம் வாய்மூடி இருக்கலாம்.

எதிரில் இருப்பவர் கத்துகிறார், மிரட்டுகிறார். அப்போதுமா?

அப்போதுதான் அதிகம். பிணைக் கைதிகளைப் பிடித்து வைத்திருப்பவனோடு பேசுவதற்கென்றே 1973-ல் நியூயார்க் காவல்துறை ஒரு தனிக் குழு அமைத்தது. முந்தைய ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் நடந்த ரத்தக்களரி கண்முன்னால் இருந்தது. அந்தக் குழுவின் தாரக வாசகம் 'என்னிடம் பேசு'. 'நான் சொல்வதைக் கேள்' என்று வைக்காததைக் கவனியுங்கள். கத்துகிறவன் மூச்சு வாங்கத்தான் வேண்டும். அவன் பேசி முடிக்கும்வரை தோட்டா வராது என்பது அவர்கள் கணக்கு. நேரம் ஓடினால் கொதிப்பு அடங்கும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 1993-ல் டெக்சாஸின் வேகோ அருகே ஒரு மதக் குழுவின் வளாகத்தை எஃப்பிஐ 51 நாள் முற்றுகையிட்டது. பேச்சுவார்த்தைக் குழு பொறுமையாகப் பேசியதில் குழந்தைகளும் பெரியவர்களுமாக 35 பேர் வெளியே வந்தார்கள். அதே சமயம் இன்னொரு பிரிவு மின்சாரத்தை வெட்டியது, இரவெல்லாம் ஒலிபெருக்கி அலற விட்டது. உள்ளே இருப்பவர்கள் எதை நம்புவார்கள்? ஏப்ரல் 19-ல் அது தீயில் முடிந்தது, எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் தொழிற்சாலையிலும் மேசையில் நீங்கள் இனிமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது செக்யூரிட்டி கேட்டில் பையைக் கொட்டிச் சோதனை போட்டால், தொழிலாளி நம்புவது கேட்டைத்தான்.

வீட்டு வாடகை மாதிரி சின்ன பேரத்துக்கும் இது உதவுமா?

உதவும். வாடகை குறைக்கச் சொல்லி நேராகக் கேட்டால் 'இந்த ஏரியா ரேட்டே இதுதான்' என்று முடிந்துவிடும். 'முன்னாடி இருந்தவங்க எப்படி?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சுவர் முழுக்க ஆணி அடித்தது, மோட்டாரை அணைக்காமல் விட்டது, ஒவ்வொரு மாதமும் பதினைந்து தேதிக்கு மேல் வாடகை கொடுத்தது எல்லாம் வரும். வீட்டுக்காரருக்கு வேண்டியது கூடுதல் ஆயிரம் ரூபாயா, நிம்மதியா என்று அதிலேயே தெரிந்துவிடும். நிம்மதி என்றால் நீங்கள் கொடுக்க உங்களிடம் ஏதோ இருக்கிறது. ஆயிரம்தான் என்றால் வேறு வீடு பாருங்கள்.

ஆன்லைன் மீட்டிங்கில்?

கஷ்டம்தான். முகம் பாதி தெரியாது, அமைதி விழுந்தால் நெட் போய்விட்டதோ என்று பதறுவார்கள். முக்கியமான பேச்சென்றால் வீடியோவை விடச் சாதாரண போன்கால் நல்லது. பார்க்க ஒன்றும் இல்லாததால் காதாவது வேலை செய்யும்.

எப்போது கேட்பதை நிறுத்த வேண்டும்?

அதே விஷயம் மூன்றாம் முறை புதுத் தகவல் இல்லாமல் வரும்போது. எதிர்த் தரப்பு இழுத்தடிப்பதற்காகவே பேசுகிறது என்று தெரியும்போது. யாருடைய பாதுகாப்பாவது ஆபத்தில் இருக்கும்போது. தீ பிடித்தால் கருத்துக் கேட்பு நடத்தக் கூடாது.

இன்னொன்று. ஏற்கனவே முடிவெடுத்துவிட்ட விஷயத்தில் கருத்துக் கேட்காதீர்கள். ஆலோசனைப் பெட்டி வைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தொலைத்த கம்பெனியை நான் பார்த்திருக்கிறேன். வருஷக் கடைசியில் உடைத்துப் பார்த்தால் உள்ளே மிட்டாய்த் தாளும், ஒரே ஒரு சீட்டும். 'இந்தப் பெட்டியை யாராவது திறங்க' என்று எழுதியிருந்தது. முடிவாகிவிட்டதா? 'முடிவு இது, காரணம் இது' என்று சொல்லுங்கள். கோபப்படுவார்கள், ஆனால் கேலி செய்ய மாட்டார்கள்.

எப்படிப் பழகுவது?

ஒரு வாரம், கூட்டம் முடிந்ததும் எதிரில் இருந்தவர் சொன்னதை மட்டும் நான்கு வரி எழுதுங்கள். உங்கள் பதில் அதில் வரக் கூடாது. முதல் இரண்டு நாள் ஒன்றரை வரிக்கு மேல் வராது. எனக்கு வரவில்லை. அப்புறம் பேசி முடித்தவருக்கும் உங்களுக்கும் நடுவில் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பாதிப் பேர் அந்த மூன்றுக்குள் 'இன்னொண்ணு சார்…' என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் வந்த காரியம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் இதையெல்லாம் செய்வீர்களா?

ஒருமுறை செய்தேன். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி மனைவி சொல்லிக்கொண்டிருந்தார். 'ஆக, குழாயை விட, நான் பத்து நாளாக அதைக் கண்டுகொள்ளாததுதான் உனக்கு வருத்தம், அப்படித்தானே?' என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். 'ஆமா. ஆனா குழாயும் ஒழுகுது' என்றார். பிளம்பருக்குப் போன் போட்டேன்.